புதுச்சேரித் தொலைக்காட்சி நிலையத்தின் திரைச் சின்னங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்துக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலை பண்பாட்டுத் துறை,
புதுச்சேரி அரசு.

பொருள்: புதுச்சேரித் தொலைக்காட்சி நிலையம் இதுவரை பயன்படுத்திய திரைச் சின்னங்கள், பெயர் அட்டைகள், முகப்புப் படங்கள் ஆகியவற்றைத் தேதியுடன் தொகுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நெல்லித்தோப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிவி, விசிஆர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் தொழில் கற்றேன். பழுதைத் தேடிப் பார்க்காமல் போர்டையே கழற்றி மாற்றும் எல்இடி காலம் வந்ததும் கடையை மூடினேன். இன்றும் யாராவது பழைய வீடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு கேசட்தான் இந்த மனுவை எழுத வைத்தது.

போன மார்கழியில் பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பா தெருக்கூத்துக் கலைஞர். இப்போது இல்லை. அவர் வேடம் கட்டி ஆடியதை நம் ஊர் நிலையம் படம்பிடித்திருக்கிறது. அது ஒளிபரப்பான அன்று வீட்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டில் மை வெளுத்து, "அப்பா" என்ற சொல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "இது எந்த வருசம்னு மட்டும் சொல்லுங்கண்ணே, ஒரு விண்ணப்பத்துல எழுதணும்" என்றார்.

மூடியைத் தூக்கிப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை, உப்புப் பூத்த சுவர் மாதிரி. அப்படியே விசிஆரில் போட்டால் டேப்பும் போகும், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போகும். இரண்டு நாள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து வைத்து, அப்புறம் கேசட்டைப் பிரித்து, கையால் உருட்டித் துடைத்து, வேறு கூட்டில் மாற்றிப் போட்டேன். படம் வந்தது. கிரீடமும் புஜக்கட்டையுமாக அவர் அப்பா திரைக்குப் பின்னாலிருந்து வந்து நின்றபோது அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பார்த்தது திரையின் மூலையை. தூர்தர்ஷனின் கண் வடிவச் சின்னம், அதோடு அதன் தமிழ்ச் சேனலுக்கு வைத்த "பொதிகை" என்ற பெயர். அந்தப் பெயர் வந்தது 2000ஆம் ஆண்டில். ஆகவே அதற்கு முந்திய பதிவு இல்லை. கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். நிகழ்ச்சி முடிந்து வரும் பெயர் அட்டையில், ஆங்கில எழுத்தில், பாண்டிச்சேரி என்று இருந்தது. நம் ஆட்சிப்பகுதியின் பெயர் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி என்று மாறியது 2006 அக்டோபர் 1. பழைய அட்டை அதற்குப் பிறகும் சில நாள் ஓடியிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஆட்டம் ஒளிபரப்பானது இந்த ஆறேழு ஆண்டுக்குள்தான்.

அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்துப் பெயர் அட்டைகளில் மூன்று வகை என்னிடம் உள்ள கேசட்டுகளில் இருக்கின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஒன்று, நீலத்தில் மஞ்சள் எழுத்து ஒன்று, கணினியில் செய்த பளபளப்பான எழுத்து ஒன்று. அந்த அம்மாவின் கேசட்டில் இருந்தது நீலத்தில் மஞ்சள். அது எந்த மாதம் வந்தது, எந்த மாதம் போனது என்று ஒரு தாளில் யாராவது குறித்து வைத்திருந்தால் அவருக்கு ஆண்டைச் சொல்லியிருப்பேன். விண்ணப்பத்தில் ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் அவர் எடுத்துப் போனார்.

ஐயா, சின்னம் என்றால் அலங்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வீட்டில் பதிவு செய்த கேசட்டுக்கு அதுதான் தபால் முத்திரை. கவர் கிழிந்தாலும் முத்திரை இருந்தால் எந்த ஊர், எந்த நாள் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதே மாதிரி.

தூர்தர்ஷன் சின்னத்துக்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேபாசிஷ் பட்டாச்சார்யா அந்தக் கண்ணை வரைந்தார். அதே நிறுவனத்தின் ஆர். எல். மிஸ்திரி, வரைபடத்தின் நகல்களைக் கேமராவுக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படமெடுத்து அசைய வைத்தார். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் வித்வான் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்த இசையோடு 1976 ஏப்ரல் 1 அன்று அது திரைக்கு வந்தது. தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனியானதும் அதே நாள்தான். 2017இல் புதுச் சின்னம் வேண்டும் என்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி பொதுமக்களிடமே போட்டி வைத்தது. 2024 ஏப்ரலில் தூர்தர்ஷனின் செய்திச் சேனலான டிடி நியூஸ் சின்னத்தின் சிவப்பு நிறம் காவியாக மாறியபோது நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சின்னத்தின் நிறம் மாறினால் மக்கள் கவனிக்கிறார்கள், கேட்கிறார்கள். நம் ஊர் நிலையத்தின் பெயர் அட்டை நீலத்துக்கு எப்போது மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு தாள் இல்லை. அதுதான் என் வருத்தம்.

நான் கண்ணால் பார்த்ததைக் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இங்கே அதைப் பார்க்க மாடியில் நீளக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, சென்னைப் பக்கம் திருப்பி வைப்போம். மாடியில் ஒருவர், படிக்கட்டில் ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஒருவர் என்று நின்று "வந்துச்சா, வந்துச்சா" என்று கத்தித்தான் படத்தைப் பிடிப்போம். புள்ளி புள்ளியாக ஓடும் திரையில் முதலில் தெளிகிறது எது என்றால், முகமும் இல்லை, எழுத்தும் இல்லை, அந்த வட்டமான கண்தான். கண் வட்டமாக வந்தால் படம் சரி.

அந்தக் காலத்துப் பெயர் அட்டை என்பது உண்மையிலேயே அட்டைதான். கறுப்பு அட்டையில் வெள்ளைச் சாயத்தால் கையால் எழுதி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கேமராவை அதன் மேல் வைப்பார்கள். மிக்ஸரில் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் எடுத்துப் படத்தின் மேல் ஏற்றுவார்கள். எழுதியவர் கை நடுங்கியிருந்தால் திரையிலும் அந்த நடுக்கம் தெரியும். தொலைக்காட்சி என்ற சொல்லில் உள்ள "லை" எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் அது யானைத் துதிக்கை மாதிரி சுழித்துத்தான் எழுதப்பட்டது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் கையால் எழுதிப் பழகியவர்களுக்கு அதற்கப்புறமும் ரொம்ப நாள் அந்தச் சுழி விடவில்லை. கணினி எழுத்து வந்தபோதுதான் எல்லா "லை"யும் ஒரே மாதிரி ஆயின.

மூலையில் எப்போதும் நிற்கும் சின்னம் எங்களுக்குப் பழக்கமானது கேபிள் வந்த பிறகு. பத்துச் சேனல், இருபது சேனல் என்று ஆனபோது எது எது என்று தெரிய வேண்டுமே. அதைக் கெட்டியான நிறத்தில் நாள் முழுக்க நிறுத்தினால் பிக்சர் டியூப்பில் நிழலாகப் பதிந்துவிடும். அதனால்தான் பல நிலையங்கள் கண்ணாடி போல, பின்னால் உள்ள படம் தெரிகிற மாதிரி சின்னத்தை வைத்தன. அப்புறம் அந்த இடம். பழைய பெட்டிகள் படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். சின்னம் வெட்டுப்படாமல் இருக்க உள்ளே தள்ளி வைப்பார்கள். ஆகவே சின்னம் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்தே காலத்தைக் கொஞ்சம் கணிக்கலாம்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு நேரம் இருந்தது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கும் படம் ஒரு நொடி நின்று, பிறகு நம் நிலையத்தின் பெயர் வரும். அந்த ஒரு நொடிக்காக என் கடை வாசலில் ஆட்கள் நின்று பார்த்திருக்கிறேன். கடற்கரைச் சாலையையும் பாகூர் ஏரியையும் காரைக்கால் அம்மையார் கோயிலையும் திரையில் பார்ப்பது அப்போது பெரிய விஷயம். அன்றைக்கு நம் ஊர்ப் பெயரைத் திரையில் பார்த்தவர்கள் அதை எப்படி எழுதியிருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பழைய படம் நான்குக்கு மூன்று என்ற அளவில் இருந்தது. இன்றைய அகலத் திரையில் அதை இழுத்து நிரப்பினால் ஆள் குண்டாகத் தெரிவார், வட்டமான கண் முட்டையாகத் தெரியும். இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கும் பல பழைய பதிவுகள் இப்படித்தான் கிடக்கின்றன. நாளைக்கு ஒரு பிள்ளை அதைப் பார்த்து, சின்னமே முட்டை வடிவம்தான் என்று எழுதிவிடும். பிறகு அதுதான் வரலாறு ஆகும்.

அவசரம் ஏன் என்றால், டேப் காத்திருக்காது. நம் கடற்காற்றில் கேசட்டுக்கும் ஆயுசு குறைவு, அதை ஓட்டும் பெட்டிக்கும் ஆயுசு குறைவு. வீடுகளில் ஓடிய விஎச்எஸ் பெட்டியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி ஹெட் தேய்ந்தால், பழைய பெட்டியிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் நமக்கும் நடுவே கரை கடந்தபோது எத்தனை வீட்டுப் பரண்கள் நனைந்தன என்று தங்களுக்குத் தெரியும். அடுத்து வந்த பொங்கலுக்குள் என் கடைக்கு வந்த கேசட்டுகளில் பாதியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஒருமுறை காயலான் கடையில் தொழில்முறைக் கேசட்டுகள் ஒரு சாக்கு நிறைய எடைக்கு வந்திருந்ததைப் பார்த்தேன். யாருடையவை என்று தெரியாது. நான்கை மட்டும் வாங்கி வந்தேன். அவற்றை ஓட்டும் பெட்டி என்னிடம் இல்லை.

எனவே தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இவைதான். துறையின் சார்பில் நம் நிலையத்துக்கும் பிரசார் பாரதிக்கும் ஒரு கடிதம் எழுதி, இதுவரை திரையில் வந்த ஒவ்வொரு சின்னத்தையும், பெயர் அட்டையையும், செய்தி முகப்பையும் அதன் உண்மையான வடிவில், இழுக்காமல், ஒரு பிரதி கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் வரைந்தது அல்லது எந்தக் கருவியில் செய்தது என்ற குறிப்பும் வேண்டும். அவர்களிடம் இல்லாதது வீடுகளில் இருக்கும். அதற்கு ரோமன் ரோலான் நூலகத்தில் ஒரு வாரம் முகாம் வைத்தால் போதும், மக்கள் கேசட்டைக் கொண்டுவருவார்கள். காரைக்காலிலும் ஒன்று வைக்க வேண்டும். நாகை, காரைக்கால் பக்கத்து வீடுகளில் இலங்கை ரூபவாஹினியைப் பதிவு செய்த கேசட்டோடு நம் நிலையத்துக் கேசட்டும் கலந்து கிடக்கும். அட்டை எழுதிய ஓவியர்கள், கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முதலில் நடக்க வேண்டியது, ஏனென்றால் அவர்களுக்கும் வயதாகிறது.

தொகுத்ததை நம் அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் அளவுக்கு வைத்தாலே போதும். 1976இன் கண் முதல், 2024 ஜனவரி 19 அன்று பொதிகை "டிடி தமிழ்" ஆனது வரை, நடுவில் நம் ஊரின் அட்டைகள். செலவு அதிகம் ஆகாது. சைவ ஆகமச் சுவடிகளைப் பூச்சி தின்னாமல் காத்து, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏற வைத்த ஊர் இது. ஓலையைக் காக்கத் தெரிந்த ஊருக்கு டேப்பைக் காப்பதும் முடியும். அக்டோபர் 27 உலக ஒலி ஒளி மரபு நாள். முகாமை அந்த வாரத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.

இந்த வேலைக்கு என் இரண்டு விசிஆர்களையும், இருக்கிற உதிரி பாகங்களையும், என் கைகளையும் கூலி வாங்காமல் தருகிறேன். காலையில் கண் நன்றாகத் தெரிகிறது, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார முடியும். என்னிடம் உள்ள கேசட்டுகள் அறுபத்து மூன்று. ரசீது ஒன்று கொடுத்தால் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன். நீலத்தில் மஞ்சள் எழுத்து அட்டையின் தேதி தெரிந்தால் மட்டும் எனக்கு உடனே தகவல் தர வேண்டுகிறேன். பாகூர் அம்மாவின் விண்ணப்பம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: புதுச்சேரி

இணைப்பு: மூன்று வகைப் பெயர் அட்டைகளைத் திரையிலிருந்து எடுத்த புகைப்படங்கள், கேசட்டுகளின் கையெழுத்துப் பட்டியல்.