மெடிகேர் விமானம் ஏறாது: செட்டிநாட்டுக்குத் திரும்பும் மூத்தவர்களுக்கு ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாட்டன்மார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். பேரன்மார் நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் வேலை முடித்து இப்போது 65 வயதைத் தொடுகிறார்கள். அந்த வயதில் அமெரிக்க அரசு தரும் மருத்துவ இன்சூரன்ஸ்தான் மெடிகேர்; டாக்டர் செலவுக்கான அதன் பகுதி பார்ட் பி. பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் வளவு வீட்டில் என்று இருக்கும் இவர்கள் தை மாதக் கல்யாணப் பந்தியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: "இங்கேயேதானே இருக்கப் போறோம், பார்ட் பி-யை நிறுத்திட்டா என்ன? மாசம் இருநூறு டாலர் சும்மா போகுதே." கேட்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல, ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள். ஆனாலும் இந்தக் கணக்கில் நஷ்டத்தை வேறு பக்கத்தில் எழுதுகிறார்கள்.

காரைக்குடியில் நடக்கும் வைத்தியத்துக்கு மெடிகேர் ஒரு காசு தராது. மதுரைக்கோ திருச்சிக்கோ போனாலும் அப்படியே. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பத்து வருஷம், அதாவது 40 காலாண்டு, வேலை பார்த்து வரி கட்டியவருக்கும் அவர் துணைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ பிரீமியம் இல்லாமலே கிடைக்கிறது. அதை விட வேண்டிய அவசியமே இல்லை. டாக்டர் கட்டணம், பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அடங்கிய பார்ட் பி-தான் சிக்கல். 2026-ல் அதன் பிரீமியம் ஆளுக்கு மாதம் 202.90 டாலர். நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பச் சேர்ந்தால், இல்லாமல் இருந்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம். ஒருமுறை கட்டி முடிக்கிற அபராதமல்ல, பார்ட் பி இருக்கும்வரை மாதாமாதம் பிரீமியத்தோடு சேர்ந்தே வரும்.

ஆறு வருஷம் நிறுத்தியதாக வைத்துக்கொள்வோம். இன்றைய விலையில் மிச்சம் 14,608 டாலர் 80 சென்ட். திரும்பச் சேரும்போது அபராதம் 60 சதவீதம், மாதம் சுமார் 121.70 டாலர். மிச்சம் பிடித்ததை அபராதம் தின்று தீர்க்க 120 மாதம், சரியாகப் பத்து வருஷம். மூன்று வருஷம் நிறுத்தினாலும் எட்டு வருஷம் நிறுத்தினாலும் இந்தப் பத்து வருஷம் மாறாது, போட்டுப் பாருங்கள். 72 வயதில் திரும்பச் சேர்கிறவருக்கு 82 வரை கைநஷ்டம் இல்லை. மிச்சத்தை வட்டிக்குப் போட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆக, எல்லோரும் பயப்படும் அபராதம் அவ்வளவு பெரிய விஷயமில்லை.

பயப்பட வேண்டியது காத்திருப்புக்கு. விட்ட பார்ட் பி-யை நினைத்த நாளில் திரும்ப வாங்க முடியாது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் மனுப் போடலாம். மனுப் போட்டதற்கு அடுத்த மாதம் முதல் நாளில் காப்பு தொடங்கும். ஏப்ரலில் இங்கே ஒரு ஸ்கேனில் கட்டி தெரிந்து, மகள் வீட்டுக்குப் போய் அங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று கிளம்பினால், அடுத்த பிப்ரவரிவரை பார்ட் பி இல்லை. பார்ட் ஏ இருக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. அதே ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கும் சர்ஜனுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் பணம் பார்ட் பி-யிலிருந்துதான் போகவேண்டும். வெளிநோயாளியாக ஏற்றும் கீமோதெரபியும் அதில்தான். புற்றுநோய்க்காரர் பத்து மாதம் காத்திருக்க முடியுமா?

இந்தியாவில் குடியிருந்தேன் என்பதற்காக அபராதத்திலோ காத்திருப்பிலோ விலக்கு கிடைக்காது. தனியாக வாங்கிய இந்திய ஹெல்த் பாலிசியும் கணக்கில் வராது. தானோ துணையோ இங்கே இன்னும் வேலையில் இருந்து, அந்த வேலை வழியாக இன்சூரன்ஸ் இருந்தால் மட்டும் விதி வேறு. ஆகவே திரும்பிப் போவதே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் நிறுத்தலாம். பெரிய நோய் வந்தால் பிள்ளைகளிடம் போவோம் என்று மனசின் ஓரத்தில் நினைப்பிருந்தால் நிறுத்தாதீர்கள்.

மருந்துக்கான பார்ட் டி இதற்கு நேர் எதிர். வெளிநாட்டில் குடியேறியவருக்கு அதில் சேரவே தகுதியில்லை, அதனால் அந்தக் காலத்துக்கு அபராதமும் இல்லை. திரும்பிய இரண்டு மாதத்துக்குள் சேர்ந்துவிட்டால் போதும். இரண்டையும் ஒரே விதி என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

தெரியாமலே பார்ட் பி-யை இழப்பவர்களும் உண்டு. சோசியல் செக்யூரிட்டி பென்ஷனை இன்னும் தொடங்காதவர்களுக்கு பிரீமியம் பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்க முகவரிக்குத் தபாலில் போகும். ஆள் பள்ளத்தூரில், பில் டல்லாஸ் தபால் பெட்டியில். இரண்டு நோட்டீஸ் கவனிக்கப்படாமல் கிடந்தால் காப்பு ரத்து. ஊருக்குக் கிளம்பும் முன்பே வங்கியிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் 'மெடிகேர் ஈஸி பே' போட்டுவிட வேண்டும். அது ஓடத் தொடங்கச் சில வாரம் பிடிக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே மனுவை அனுப்புவது நல்லது.

இனி அங்கே டாக்டர் கிடைக்கும் பாடு. "மெடிகேர் எடுப்பீர்களா?" என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு போன் செய்தால் அரைகுறைப் பதில்தான் வரும். டாக்டர்கள் அதில் மூன்று ஜாதி. மெடிகேர் நிர்ணயித்த கட்டணத்தை முழுதாக ஏற்பவர் (அப்படி ஏற்பதற்குப் பெயர் 'அசைன்மென்ட்') முதல் வகை. 100 டாலர் கட்டணம் என்றால் மெடிகேர் 80, நாம் 20. (வருஷ ஆரம்பத்தில் நாம் கட்ட வேண்டிய முதல் 283 டாலர் முடிந்தபின் இந்தக் கணக்கு.) இரண்டாம் வகை 'நான்-பார்ட்டிசிபேட்டிங்'. இவருக்கு அதே வேலைக்கு மெடிகேர் ஒப்புக்கொள்வது 95. அதற்குமேல் 15 சதவீதம் ஏற்றி 109.25 வரை அவர் வாங்கலாம். மெடிகேர் தருவது 95-ல் 80 சதவீதம், அதாவது 76. நம் கையிலிருந்து 33.25. முழுப் பணத்தையும் முதலில் நம்மிடமே வாங்கிக்கொண்டு, மெடிகேர் பங்கு பிறகு நம் வீட்டுக்கு வரட்டும் என்றும் சொல்லலாம். மூன்றாம் வகை மெடிகேரிலிருந்தே விலகியவர். அவரிடம் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் கேட்பதுதான் கட்டணம். மெடிகேரும் தராது, மெடிகேர் போக மீதியைக் கட்டும் தனியார் பாலிசியான மெடிகேப்பும் தராது. மனநல மருத்துவர்களில் இந்த வகை அதிகம்.

ஆகவே போனில் கேட்க வேண்டியது: மெடிகேர் அசைன்மென்ட் ஏற்கிறீர்களா, புது மெடிகேர் பேஷண்ட் சேர்க்கிறீர்களா, வருஷ மெம்பர்ஷிப் கட்டணம் உண்டா, உங்கள் கிளினிக் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியின் கிளினிக் என்றால் டாக்டர் பில் ஒன்று, இடத்துக்கு 'ஃபெசிலிட்டி ஃபீ' என்று இன்னொன்று, இரண்டிலும் நம் 20 சதவீதம் தனித்தனியாக வரும்.

ஊரோடு தங்கிவிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் ஒரு டாக்டரைப் பார்க்காமல் இருந்தால் பில்லிங் விதிப்படி நாம் அவருக்குப் புதுப் பேஷண்ட். 20 வருஷம் பார்த்த டாக்டர் ஆயிற்றே என்று போய் நின்றால், புதுப் பேஷண்ட் எடுப்பதில்லை என்று வரவேற்பிலேயே திருப்பி அனுப்பலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சாக்கில் மூன்று வருஷத்துக்குள் ஒருமுறையாவது அவரைப் பார்த்துவிடுங்கள். பார்ட் பி இருந்தால் வருஷத்துக்கு ஒரு 'வெல்னஸ் விசிட்' இலவசம், அதற்குப் போதும்.

பல் வைத்தியம், கண்ணாடி, காது மெஷின் மூன்றையும் சாதாரண மெடிகேர் கண்டுகொள்வதில்லை. அவற்றை இங்கேயே முடித்துக்கொண்டு போகிறவர்கள் புத்திசாலிகள்.

சாதாரண மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் பல்லும் கண்ணும் சேர்த்துத் தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். பிரீமியமும் பல இடங்களில் பூஜ்யம். 2026-ல் நெட்வொர்க்குக்குள், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளில், நம் கைச்செலவு 9,250 டாலரைத் தாண்டாது. ஆனால் திட்டத்தின் வட்டாரத்தை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பெயரை நீக்குவது விதி. பாதி வருஷக்காரர்களுக்கு இது கயிற்றின் மேல் நடப்பது. நெட்வொர்க் டாக்டர் பட்டியலும் பல சமயம் பழசாக இருக்கும். அட்டையில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரையும், எந்த வருஷத்துத் திட்டம் என்பதையும் சொல்லி டாக்டர் அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால் "எடுக்கிறோம்" என்பார்கள். அந்தக் கம்பெனிக்குப் பத்துத் திட்டம் இருக்கும்.

போக வர இருப்பவர்களுக்குச் சாதாரண மெடிகேரோடு மெடிகேப்பில் 'ஜி' (G) அல்லது 'என்' (N) திட்டம் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டாம் வகை டாக்டர் ஏற்றும் 15 சதவீதத்தை 'ஜி' கட்டும், 'என்' கட்டாது. 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் வாங்கினால் நோய் பார்க்காமல் தந்தாக வேண்டும். அந்த வாய்ப்பு ஒருமுறைதான். பிறகு பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை, இதய நோயைக் காட்டி மறுக்கலாம். இந்த இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கும் இடமுண்டு: 250 டாலர் நம் பங்கு, அதற்குமேல் 80 சதவீதம், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய முதல் 60 நாளுக்குள் வந்த அவசரத்துக்கு மட்டும். திட்டமிட்டுச் செய்யும் கண்புரை ஆபரேஷனுக்குப் பொருந்தாது. மதுரையில் ஆஞ்சியோ ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி, வகைபிரித்த பில், பணம் கட்டிய ரசீது, விமான டிக்கெட் நான்கையும் ஆங்கிலத்தில் பத்திரப்படுத்துங்கள். வெறும் மொத்தத் தொகை எழுதிய துண்டுச் சீட்டை ஏற்கமாட்டார்கள்.

61-ம் நாளிலிருந்து இந்தியப் பாலிசிதான் துணை. 2024 ஏப்ரல் முதல், புதிதாகப் பாலிசி வாங்க இருந்த 65 வயது வரம்பு நீங்கிவிட்டது; ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. மூன்று வருஷக் காத்திருப்பு இருப்பதால், 68-ல் ஊருக்கு வர நினைப்பவர் 65-ல் வாங்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் வரச் சொல்வார்கள் என்பதால், விடுமுறையில் வரும்போதே முடித்துக்கொள்ளலாம்.

கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ பூர்வீக வீட்டுப் பங்கை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2026 பிரீமியத்தை 2024 வருமான வரி ரிட்டர்னைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். தம்பதியின் வருமானம் 2,18,000 டாலரை ஒரு டாலர் தாண்டினாலும் பார்ட் பி ஆளுக்கு மாதம் 284.10 ஆகும், பார்ட் டி-யில் 14.50 கூடும். இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 2,296.80 டாலர் அதிகம். இன்னும் மேலே போனால் இன்னும் ஏறும். இங்கே கட்டிய வரி அமெரிக்க வரியில் கழிவாகுமே தவிர, வருமானக் கணக்கைக் குறைக்காது. வேலை ஓய்வு, துணையின் மறைவு போன்றவற்றுக்குக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம். விருப்பப்பட்டு வீடு விற்றதற்குப் போட முடியாது. ஒரு வருஷத்தோடு தீரும் சுமைதான், ஆனால் பத்திரப் பதிவு டிசம்பரிலா ஜனவரியிலா என்று யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

கிரீன் கார்டில் அழைத்துக்கொண்ட அப்பச்சி, ஆத்தாவுக்குப் பிள்ளை கட்டிய வரி உதவாது. 65 வயதும் தொடர்ந்து ஐந்து வருஷ வாசமும் இருந்தால் விலைக்கு வாங்கலாம்: 2026-ல் பார்ட் ஏ 565, பார்ட் பி 202.90, மாதம் 767.90 டாலர். பார்ட் பி மட்டும் வாங்கவும் இடமுண்டு. இடையில் ஊரில் நீண்ட நாள் தங்கினால் ஐந்து வருஷக் கணக்கு அறுந்துபோகக்கூடும்.

திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறவர்கள் தேதியைப் பார்த்து, கிளம்புவதற்கு முன்பே வேலையை முடித்துவிடலாம். 1-800-633-4227-ல் மெடிகேரையே கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனையும் உண்டு, அவர்கள் பாலிசி விற்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை