நடுவரின் குரலும் அட்டையும்

ஐயா,

ரக்பி நடுவர்கள் வீரர்களுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டு உடனுக்குடன் அட்டை காட்ட வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பேச்சு நீளக் கூடாது என்பது சரியே. ஆனால் பேச்சற்ற கண்டிப்பு அந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. தரையிலுள்ள பந்தின் மேல் பல உடல்கள் குவியும் ரக்கில் ஒரே நொடியில் பல விதிகள் மீறப்படக்கூடும் என்பதால், ‘கையை எடு’, ‘உருண்டு விலகு’ என்று நடுவர் முன்கூட்டியே குரல் கொடுப்பது தவறு நிகழாமலே தடுக்கிறது. அதன் பின்னும் அதே தவறு தொடர்ந்தால், அணித்தலைவரை அழைத்து ஒரே வாக்கியத்தில் எச்சரித்துவிட்டு, அடுத்த முறை 10 நிமிட வெளியேற்றத்துக்கான மஞ்சள் அட்டையை விளக்கவுரையின்றிக் காட்டுவதே முறை. தலையைத் தாக்கும் ஆபத்தான தடுப்புகளுக்கு இந்தச் சலுகை கூடாது.

கல்லூரி ஆட்டங்களில் நடுவராக இருந்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் விசில் ஊதிய வேளைகளில்தான் இரு அணியினரும் கோத்து நின்று முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்குக் குனியும்போதே முன்வரிசையினர் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். வாதம் செய்யும் அணிக்கு எதிராகப் பெனால்டி எடுக்கும் இடத்தை 10 மீட்டர் முன்னகர்த்தும் அதிகாரம் விதிகளிலேயே இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பெரிய போட்டிகளில் நடுவர்களின் ஒலிவாங்கியில் பதிவாகும் உரையாடல்களைப் புதிய நடுவர்களின் பயிற்சியில் பாடமாகச் சேர்க்க வேண்டும்.