பெரிய ஸ்டேடியம் கேட்கவில்லை

ஆசிரியருக்கு,

2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு மூன்று நாடுகளில் 16 நகரங்கள் என்று படித்ததும் எனக்கு 2017தான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது டெல்லி, கொல்கத்தா, கொச்சி, கவுகாத்தி, நவி மும்பை, கோவா என ஆறு இடங்கள், தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் நாலு பேர் தூத்தூரிலிருந்து கிளம்பி, குழித்துறையில் ரயிலேறி கொச்சிக்குப் போய் பிரேசில் 2-1 என்று ஸ்பெயினை ஜெயித்ததைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆட்டத்தைவிட என் மனசில் நின்றது வேறு. அணிகள் பயிற்சி செய்வதற்காகவே போர்ட் கொச்சியில் பரேடு மைதானத்தையும் 'வெளி' என்ற பெயருள்ள மைதானத்தையும் புல் போட்டுச் சீராக்கியிருந்தார்கள். போட்டியை நடத்தும் ஊருக்கு உண்மையில் மிஞ்சுவது அதுதான்.

எங்கள் பக்கம் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை எங்கே பார்த்தாலும் பந்துதான், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரை போய் ஆடிய பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஆடும் கடற்கரை மணலைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பெரிய ஸ்டேடியம் வேண்டாம் சார், மழைத் தண்ணீர் தேங்காத ஒரு புல்தரை, நாலு விளக்கு, அதை அரசு எங்கள் கடற்கரை ஊரில் போட்டுத் தரட்டும்.

ஒரு வாசகர்,
தூத்தூர், குமரி மாவட்டம்