செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சனவரி முதல் டிசம்பர் வரை நம் இசைச் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் வாசிக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீளம் என்று பின்வரிசையில் குறை வந்ததால், இந்த முறை ஒரே பக்கத்தில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆகஸ்டு செயலவைக் கூட்டத்தில், "டாக்பேக் விசயத்த ஒளிக்காம அறிக்கையில போடணும்" என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, குறிப்பேட்டிலும் ஏற்றிவிட்டார்கள். முன்மொழிந்தவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இவ்வறிக்கையில் பாதிக்கு மேல் அதுதான். டாக்பேக் என்றால், பதிவு செய்பவர் வேறு அறையிலிருக்கும் பாடுபவரின் ஹெட்போனில் பேசுவதற்கான மைக்.

பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நம் குழு இரவு முழுக்கப் பாடியது. தொண்டை கட்டியவர்கள் நால்வர். மற்றபடி குறையில்லை.

இனி பதிவுக்கூடம். ஜெலுத்தோங்கில் தலைவர் தம் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை நமக்கு விட்டுக்கொடுத்து இது மூன்றாம் ஆண்டு. முன்னறையில் கணினி, ஸ்பீக்கர், நாங்கள். பின்னறையில் மைக், சுவரோடு சாய்த்த பழைய மெத்தைகள், பாடுபவர். நடுவில் செங்கல் சுவர். பெரிய ஸ்டூடியோ என்றால் நடுவே கண்ணாடி இருக்கும், கையைக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். நமக்கு முகமும் தெரியாது, ஹெட்போனை மாட்டிவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது.

சென்ற ஆண்டு வரை சுவரைத் தட்டித்தான் பேசிக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் ஆரம்பி, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் சரணத்திலிருந்து. தபேலா தம்பி ஒருநாள் எங்கள் மூன்று தட்டைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு அதன் மேலேயே வாசித்துக்கொண்டு போனார், நன்றாகத்தான் இருந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிப் பார்த்தோம். அந்த 'டிங்' சத்தம் ஒரு முருகன் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இன்னும் இருக்கிறது.

மார்ச் மாதம் டாக்பேக் மைக் வைப்பதென்று முடிவானது. வேண்டியது ஒன்றுதான்: முன்னறையில் நாங்கள் பேசுவது பின்னறை ஹெட்போனில் மட்டும் கேட்க வேண்டும். பதிவில் ஏறக்கூடாது, எங்கள் ஸ்பீக்கரிலும் வரக்கூடாது. மைக் வாங்கவில்லை. திருவிழா அறிவிப்புக்குப் பயன்பட்ட பழைய டைனமிக் மைக் ஒன்று அலமாரியில் கிடந்தது. சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்தான் தெளிவு என்று இளைஞர் பகுதி வாதாடியது. பேச்சு புரிந்தால் போதும் என்ற இடத்தில் அவ்வளவு தெளிவு எதற்கு? கண்டென்சரை வைத்தால் மின்விசிறியும் கணினி இரைச்சலும் பொருளாளர் முறுக்கு கடிப்பதும் சேர்ந்து பாடகர் காதுக்குப் போகும்.

மைக் இருந்தது, சொருக இடமில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான நம் இன்டர்ஃபேஸில் மைக் உள்ளீடு இரண்டு, மற்றக் கருவிகளின் வலுவான ஒலிக்கான லைன் உள்ளீடு இரண்டு. மைக் உள்ளீடுகள் பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் சரியாகிவிட்டன. மீந்திருந்த லைன் உள்ளீட்டில் சொருகினோம். குமிழை முழுக்கத் திருகியும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது. காரணம் எளிது. டைனமிக் மைக்கில் சாதாரணமாகப் பேசினால் சில மில்லிவோல்ட்தான் வரும். லைன் உள்ளீடு எதிர்பார்ப்பதோ, ஸ்டூடியோ அளவான +4 டிபியூ என்றால், 1.23 வோல்ட். இடையில் மைக் ஒலியைப் பெருக்கும் ஒரு பிரீஆம்ப் இல்லாமல் ஆகாது. பஜனைக்கு வைத்திருந்த சின்ன மிக்சரை எடுத்து வந்து, மைக்கை அதில் சொருகி, அதன் வெளியீட்டை லைன் 3இல் கொடுத்தோம். குரல் வந்தது.

எங்கள் ஒலிப்பதிவு நிரலான ரீப்பரில் இதற்கென்று ஒரு டிராக். உள்ளீடு 3. பதிவு செய்யாமல் கேட்க மட்டும் விடும் முறை. எங்கள் ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டருக்கு அனுப்பும் டிக்கை எடுத்துவிட்டு, ஹெட்போன் போகும் 3-4 வெளியீட்டுக்கு நேராக விட வேண்டும். முதல் நாள் அந்த டிக்கை எடுக்க மறந்தேன். நான் பேசியது என் ஸ்பீக்கரிலேயே வந்து, அதை என் மைக்கே திரும்பப் பிடித்து, ஊளை கிளம்பியது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு மர்மம். டாக்பேக் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செத்துக் கிடக்கும். வயரை மாற்றினோம், மிக்சரை மாற்றினோம், எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். கடைசியில்தான் புரிந்தது: பாட்டு வரிகளைப் பார்க்க நான் வேறொரு விண்டோவைத் திறக்கும்போதெல்லாம் செத்தது. பாட்டு நின்றிருந்து, ரீப்பரை விட்டு வேறு நிரலுக்குப் போனால் ஆடியோ கருவியை மூடிவிடும் ஓர் அமைப்பு அதில் உண்டு. எங்கள் கணினியில் அதற்கு டிக் இருந்தது. பாடகரோடு பேச வேண்டியதே பாட்டு நின்றிருக்கும்போதுதானே! டிக்கை எடுத்தோம், எலுமிச்சம்பழச் செலவு மிச்சம்.

அடுத்தது பித்தான். இங்கேதான் வினை.

பேசும்போது மட்டும் மைக் திறக்க வேண்டும், கையை எடுத்தால் மூட வேண்டும். மைக் வயரை வெட்டிச் சேர்க்கும் சுவிட்ச் போட்டால் ஒவ்வொரு தடவையும் காதில் 'டப்' என்று அடிக்கும், வெட்டிய நேரத்தில் இரைச்சலும் வரும். அதனால் பழைய கைகள் செய்யும் வழி வேறு: மைக் வயரின் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் இரண்டாம் முள்ளையும் மூன்றாம் முள்ளையும் பித்தானால் இணைத்துவிடுவார்கள். இரண்டும் இணைந்திருக்கும்வரை மைக் மௌனம். பிரிந்தால் பேசும். அப்படியென்றால், சும்மா இருக்கும்போது இணைந்திருந்து அழுத்தினால் பிரியும் பித்தான் வேண்டும். நம்மிடம் வந்து சேர்ந்தது வாசல் பெல் பித்தான். அழுத்தினால் இணையும், விட்டால் பிரியும். நேர் தலைகீழ்.

சோதித்தோமா என்று கேட்பீர்கள். சோதித்தோம். வயர் போட்டவர் ஒருமுறை அழுத்தி, கையை எடுத்துவிட்டு, "கேக்குதா?" என்றார். பின்னறையிலிருந்து "கேக்குது" என்று பதில் வந்தது. மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டோம். சோதனை அவ்வளவுதான்.

அன்று மாலையே, ஜூன் மாதம், நம் மூத்த பாடகி அக்காவின் பதிவு. பல்லவியை மூன்று முறை பாடினார். மேல் ஸ்தாயியில் மூன்று முறையும் குரல் நழுவியது. நான் பொருளாளர் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு மேல எட்டல. அரைக் கட்டை இறக்கணும், இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும்" என்றேன். அடுத்த டேக்குக்கு ஓடவிட்டேன். பாட்டு வரவில்லை. கதவு திறந்தது. ஹெட்போனைக் கழற்றி என் மேசையில் வைத்து, "தம்பி, ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

வயர் போட்டவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். பித்தான் தப்பு, பேச்சு என்னுடையது. அக்காவிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். இப்போது சபையிலும் தெரிவிக்கிறேன். இரண்டு மாதம் அவர் மாடிப்படி ஏறவில்லை. அந்த இரண்டு மாதமும் ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை.

ஜூலையில் சரியான பித்தான் கிடைத்தது. இரண்டு தொடர்பு உள்ளது என்பதால் ஒன்று மைக்கை மௌனமாக்கும், மற்றொன்று மைக் திறந்திருக்கும்போது சிவப்பு விளக்கை எரியவிடும். பெரிய ஸ்டூடியோக்களின் ஒலிக்கலவை மேசைகளில் டாக்பேக்கை அழுத்தினாலே ஸ்பீக்கர் ஒலி தானாகத் தணியும். நமக்கு அது கையால்தான். வலக்கை பித்தானில், இடக்கை ஸ்பீக்கர் குமிழில். தே தாரிக் குடிக்க மூன்றாம் கை இல்லை என்பது பொருளாளரின் புகார். திடீரென்று கத்தினாலும் பாடகர் காது பாதிக்காதபடி டாக்பேக் டிராக்கில் ஒலி அளவு மீறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரும் போட்டாயிற்று.

ஆகஸ்டு கூட்டத்துக்கு அக்கா வந்தார். இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்: "நீங்க பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது உங்களுக்குக் கேக்கணும்ல?" நியாயம்தான். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் அவர் மைக்கை நான் மியூட்டில் வைப்பது வழக்கம். வெயிலில், விசிறி இல்லாத அறையில், மூன்று தடவை தண்ணீர் கேட்டிருக்கிறார், ஒருவருக்கும் கேட்கவில்லை. இப்போது பின்னறை மூலையில் தனியாக ஒரு கேட்பு மைக் இருக்கிறது. டேக் ஓடும்போது மட்டும் அதை அடைத்துவிடுவோம்.

கேட்பு மைக் என்றதும் நம் உறுமி மேளத் தம்பிகள் ஒரு கதை கொண்டுவந்தார்கள், கதை உண்மைதான். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் 1979இல் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த எஸ்எஸ்எல் ஒலிக்கலவை மேசையின் கேட்பு மைக்கில், தூரத்துப் பேச்சும் கேட்கும்படி, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கடுமையான கம்ப்ரெஸர் வைத்திருந்தார்கள். ஃபில் காலின்ஸ் டிரம் அடித்தது அதன் வழியாக வந்து விழ, ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்கம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். எண்பதுகளின் டிரம் ஒலி அங்கிருந்துதான் கிளம்பியது. தம்பிகள் அதே வழியில் உறுமியை முழங்கிப் பார்த்தார்கள். சத்தம் அபாரம். நான்காம் நிமிடம் தலைவர் வீட்டம்மா மாடிக்கு வந்தார். உறுமிப் பதிவு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

அக்காவின் பாட்டு அரைக் கட்டை இறக்கியே பதிவானது. "இறக்கலாமான்னு பித்தான அமுக்கிக் கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன்" என்றார். அக்டோபர் 20 தீபாவளிக்குள் மூன்று பாட்டுகள் முடிந்தன. ஐந்து முடிந்திருக்க வேண்டியது. மழை வந்தால் பின்னறை வெளித் தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு எந்த மெத்தையும் ஆகாது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரின் சேர்ந்திசையும் பதிவானது. ஹெட்போனில் என் குரல் வந்ததும் வானொலி என்று நினைத்துப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

சுவரில் கண்ணாடி வைக்கும் யோசனை செயலவையில் பேசப்பட்டது. சுவர் தலைவருடையது, முடிவு அவர் வீட்டம்மாவுடையது. மேற்குறித்த உறுமிக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, இக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். முகவரி மாறியவர்கள் இன்றே என்னிடம் எழுதிக் கொடுங்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். பராமரிப்புத் தலைப்பில் பித்தான் இரண்டு முறை வரும். ஒன்று இப்போது தலைவர் வீட்டு வாசலில் பெல்லாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.

செயலாளர்