கூடி எழுதுவதற்குத் தரைத்தளக் கூடம் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மாற்றுத்திறனாளிகள் எழுத்துப் பயிலரங்கில் பங்கேற்போர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: மாற்றுத்திறனாளிகளின் கையெழுத்து இதழ்ப் பயிலரங்குக்கு அரசு நூலகத்தில் இடம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

எட்டு மாதங்களாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினான்கு பேர் கூடி எழுதி வருகிறோம். பார்வையற்றோர், காது கேளாதோர், சக்கர நாற்காலியில் வருவோர், மூளை முடக்குவாதம் உள்ளோர் எங்களில் இருக்கிறார்கள். ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சிற்றேடு கிடைத்துவிடும். எழுதியதை அப்படித்தான் இதழாக்குகிறோம். இதை ‘ஸீன்’ (zine) என்று இப்போது சொல்கிறார்கள். பள்ளிகளில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் உறவுதான்.

சென்ற மாதம், பேனா பிடிக்க இயலாத சகோதரி ஒருவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதினார். “பஸ் படியில் விழுந்தேன்” என்றதை, இரக்கப்பட்டுத் “தடுமாறினேன்” என்று எழுதிவிட்டார். வாசித்துக் காட்டியதும் அந்தச் சகோதரி, “விழுந்தது நான். அப்படியே எழுதுங்கள்” என்று திருத்தச் சொன்னார். எங்களைப் பற்றிப் பிறர் எழுதியதையே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் பயிலரங்கு தொடர வேண்டும் என்று நினைக்கிறோம்.

நாங்கள் கூடும் இடமோ ஒரு கட்டடத்தின் மாடி. பதினெட்டுப் படிகள். சக்கர நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிச் செல்கிறோம். தூக்கப்படும் கூச்சத்தால் இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

நகல் எடுப்பதிலும் இடர் உண்டு. மற்ற பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்கலாம். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளிகள் ஜெராக்ஸில் எழும்பி வராது. தடித்த தாளைச் சட்டத்தில் பொருத்தி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். இருபது பிரதி என்றால் இருபது முறை.

மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கள் ஆர்வத்தையும் திறமையையும் வளர்த்துக்கொள்ள வசதியும் ஆதரவும் அளிக்குமாறு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 29ஆவது பிரிவு கூறுகிறது. அதன்படி, சாய்தளமும் எங்களுக்கு ஏற்ற கழிப்பறையும் உள்ள அரசு நூலகம் ஒன்றின் தரைத்தளக் கூடத்தை, மாதம் ஒரு ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். இதுவே முதல் தேவை. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும், பிரெயில் அச்சிட உதவியையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவில் எங்கள் சிற்றேடுகளை வைக்க ஒரு மேசையும் தந்தால் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிலரங்கில் பங்கேற்போர் (கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும் பின்பக்கத்தில்)

இணைப்பு: சிற்றேடுகள் எட்டு, அவற்றில் ஒன்று பிரெயிலில்.