அரபுச் சீர்திருத்தம் இரவல் சரக்கல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அரபு நாடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை மன்னர்கள், எண்ணெய், வாஷிங்டன் என்றே சுற்றிவந்தது. அரசியல் சீர்திருத்தப் பேச்சே அங்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்கிறார் கட்டுரையாளர். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கெய்ரோவில் 1988-இல் இப்னு கல்தூன் ஆய்வு மையத்தைத் தொடங்கிய சமூகவியல் பேராசிரியர் சாத் எத்தீன் இப்ராஹிம் 2000 ஜூனில் கைதானார். அனுமதியின்றி ஐரோப்பிய நிதி பெற்றார், நாட்டின் பெயரைக் கெடுத்தார் என்று குற்றம் சாட்டி ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். எகிப்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003 மார்ச்சில் அவரை விடுவித்தபோது அவரது உடல்நலம் குலைந்திருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் நடந்தது எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. அங்கே கருத்துக்கணிப்பு மையம் நடத்திய அரசியல் ஆய்வாளர் கலீல் ஷிகாகி, பாலஸ்தீன அகதிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வெளியிட இருந்த நேரத்தில், ஒரு கூட்டம் அலுவலகத்துக்குள் புகுந்து அவர்மீது முட்டை எறிந்தது. வந்தவர்கள் போலீசார் அல்லர், சொந்த மக்கள். கேட்க விரும்பாத பதிலைக் கணிப்பு சொல்லிவிட்டது என்பதே கோபம். ஷிகாகியின் மையம் அதன் பிறகும் கணிப்புகளை நிறுத்தவில்லை.

தனித்து நிற்கும் மையத்தைப் பூட்ட ஓர் உத்தரவு போதும். இதை உணர்ந்துதான் அம்மான், ரமல்லா, கெய்ரோ போன்ற நகரங்களின் ஆய்வு மையங்கள் 2005-இல் 'அரபு சீர்திருத்த முன்முயற்சி' என்ற பெயரில் கைகோத்தன. அதை முன்னின்று நடத்தியவர் சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் பிறந்த அரசியல் அறிஞர் பஸ்மா கொட்மானி. இந்த மையங்கள் சேர்ந்து உருவாக்கிய அரபு ஜனநாயகக் குறியீடு, 40 அளவைகளைக் கொண்டு பல நாடுகளை ஒரே கோலால் அளந்தது. சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் அது தனியே கேட்டது. அரசமைப்பில் பேச்சுரிமை இருக்கும், பேசியவர் சிறையில் இருப்பார். இந்த இடைவெளியை அந்த நாட்டவரே எண்ணிக்கையாக எழுதிக் காட்டும்போது, அந்நியர் அவதூறு என்று எந்த அமைச்சரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

நிதி மேலைநாடுகளிலிருந்து வருகிறதே என்பார்கள். அந்த ஐயம் நியாயமானது, கணக்கை வெளிப்படையாக வைக்கச் சொல்லலாம். ஆனால் உள்நாட்டுப் பணம் வரும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்ட அரசுகளே இதைக் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பணம் யாருடையது என்பதோடு, கேள்வியை யார் வகுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சிரியாவுக்குப் புதிய அரசமைப்பு எழுத 2019-இல் ஜெனீவாவில் கூடிய குழுவிலும் கொட்மானி இருந்தார். 2023 மார்ச்சில், தாய்நாட்டுக்கு வெளியே, பிரான்சில் காலமானார். அசாத் ஆட்சி விழுந்தது 2024 டிசம்பரில். அடுத்த முறை சிரியாவைப் பற்றி எழுதும்போது, வெளிநாட்டுத் தலைநகரங்களின் அறிக்கைகளோடு இந்த ஆய்வாளர்களின் எழுத்தையும் தமிழில் தாருங்கள்.

தங்கள் வாசகர்,
திருச்சி