டெக்சஸில் இருக்கும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

நீயும் மாப்பிள்ளையும் அமரில்லோவிலிருந்து 287-ஆம் நெடுஞ்சாலையில் போனபோது எடுத்த படம் வந்து சேர்ந்தது. ஊர்ப் பலகையில் 'குட்நைட்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு உங்கம்மா, "கொசுவத்திக் கம்பெனிக்காரன் ஊரா?" என்று கேட்டாள். இல்லை, சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுக்காரர் பெயரில் இருக்கிற ஊர். யாருப்பா அந்த ஆள் என்று நீ கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, லேப்புக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆயுசுக்கும் மாட்டு வைத்தியம் பார்த்தவனிடம் மாட்டுக்காரனைப் பற்றிக் கேட்டால் கடிதம் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

பிறந்தது 1836 மார்ச் 5, இல்லினாய் மாநிலத்தில். பையனுக்கு ஐந்து வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்டு, 1845 கடைசியில் குடும்பத்தோடு டெக்சஸுக்கு வண்டி கட்டினார். ஒன்பது வயதுப் பையன் சேணம்கூட இல்லாமல் குதிரை முதுகிலேயே அத்தனை தூரமும் வந்தான். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் ஏதோ சில மாதம். பின்னாளில் லட்சம் மாட்டுக்குக் கணக்குப் பார்த்த ஆளுக்குக் கடுதாசி எழுத அடுத்தவர் கை வேண்டியிருந்தது.

சொந்த மாடு வந்தது எப்படித் தெரியுமா? வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்த்துத்தான். இருபது வயது வாக்கில், மாற்றாந்தகப்பன் வழிச் சகோதரன் ஒருவனோடு சேர்ந்து நானூற்றுச் சொச்சம் பசுக்களை மேய்க்க ஒப்புக்கொண்டார். கூலி, பிறக்கிற நாலு கன்றுக்கு ஒன்று. நம் ஊரில் உங்கப்பாரு காலத்தில் சம்சாரிகள் செய்த ஏற்பாடுதான், அளவுதான் வேறு.

உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் மாடு ஏராளம், வாங்க ஆளில்லை. 1866-ல் ஆலிவர் லவிங் என்ற, தன்னைவிட வயதில் மிக மூத்த ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தார். 2,000 மாடு, 18 ஆட்கள். நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவ முகாம் வரை நடை. பயணத்துக்கு முன்னால் பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் அலமாரி அடித்து, காபிக்கொட்டை, பீன்ஸ், மாவு, மருந்து என்று தனித்தனி அறை வைத்தார். அலமாரிக் கதவை இறக்கிவிட்டால் அதுவே சமையல் மேசை. இன்று அங்கே 'சக்வேகன்' என்று திருவிழாவில் காட்டுகிறார்களே, அது இந்த மனுஷன் செய்ததுதான்.

காஞ்சோ ஆற்றை விட்டால் பெக்கோஸ் ஆறு வரை தண்ணீரே கிடையாது. ராத்திரியும் நிறுத்தாமல் ஓட்டினார்கள். தாகம் முற்றிய மாட்டை ஓரிடத்தில் படுக்க வைக்க முடியாது, நாக்குத் தள்ளி, கண் குழிந்து, முனகிக்கொண்டு சுற்றும். ஆற்று வாசனை பட்டதும் மந்தை பாய்ந்து கரையிலிருந்து விழுந்தது. தாகத்தில் செத்தவை சுமார் 300, ஆற்றில் போனவை சுமார் 100.

அதைவிட எனக்கு உறுத்தியது கன்றுகள் விஷயம். வழியில் ஈன்ற கன்றுகளால் மந்தையோடு நடக்க முடியாது. அதனால் காலையில் கிளம்பும்போது இரவில் பிறந்தவற்றைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். பின்னால் போன பயணங்களில் குட்நைட் ஒரு வழி கண்டுபிடித்தார். கன்றுகளை வண்டியில் ஏற்றினார், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாக்கில் போட்டார். சாக்குக்கு அடையாளம் உண்டு, இன்று போட்ட கன்று நாளைக்கும் அதே சாக்கில்தான். ஏனென்று உனக்கே தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்தால் வாசனை கலந்துவிடும், சாயந்தரம் இறக்கிவிட்டால் தாய் முகர்ந்து பார்த்துவிட்டு உதைத்துத் தள்ளும். உன் பேராசிரியர்கள் தாய்-கன்று பிணைப்பு என்று பாடம் எடுப்பதை இந்த ஆள் சாக்குப்பையில் செய்து முடித்திருக்கிறார்.

ஃபோர்ட் சம்னரில் மாட்டிறைச்சிக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்றால், அங்கே எட்டாயிரம் நவஹோ பூர்வகுடி மக்களைச் சிறைபோல அடைத்து வைத்துப் பட்டினி போட்டிருந்தது அரசாங்கம். அவர்களுக்குப் போட வாங்கிய மாட்டுக்குப் பவுண்டுக்கு எட்டு சென்ட். 12,000 டாலர் தங்கத்தோடு ஊர் திரும்பினார் குட்நைட். முதல் பெரிய காசு அப்படி வந்தது. அதையும் சேர்த்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுவருஷம் வழியில் கொமாஞ்சிப் பூர்வகுடியினர் தாக்கியதில் லவிங்குக்குக் காயம். ஃபோர்ட் சம்னர் வரை வந்துவிட்டார், ஆனால் கை அழுகி, 1867 செப்டம்பரில் உயிர் போனது. அன்னிய மண்ணில் என்னைப் புதைக்காதே என்று கேட்டிருந்தார். முதலில் அங்கேயே அடக்கம் செய்தார்கள், அப்புறம் 1868 பிப்ரவரியில் தோண்டியெடுத்து, பெட்டியைச் சுற்றிக் கரியை அடைத்து, எண்ணெய்த் தகரங்களைத் தட்டி நிமிர்த்தி மூடி, டெக்சஸில் வெதர்ஃபோர்டு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் குட்நைட். லவிங் பெயரிலான கூட்டு வியாபாரத்தையும் உடனே முடிக்காமல் நடத்தி, வந்த லாபத்தில் பாதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை.

அதே வெதர்ஃபோர்டில்தான் போஸ் இக்கார்டின் கல்லறையும் இருக்கிறது. அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர், விடுதலைக்குப் பிறகு குட்நைட்டின் மந்தையோடு நாலு வருஷம் ஓடியவர். பணமூட்டையை யாரிடம் கொடுத்து வைப்பது என்றால் அவரிடம்தான் கொடுப்பார். 1929-ல் இக்கார்டு இறந்தபோது தொண்ணூற்றுச் சொச்சம் வயது குட்நைட் தன் செலவில் கல் நாட்டினார். வேலையில் ஒருநாளும் பின்வாங்காதவர் என்று அதில் பொறித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அவ்வளவு நம்பிய ஆள் ஏன் கூட்டாளி ஆகவில்லை, அந்த நாலு வருஷமும் ஏன் கூலியாளாகவே இருந்தார் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை.

அப்புறம் அவர் மனைவி மாலி. முழுப்பெயர் மேரி ஆன் டயர். பெற்றோர் போனபின் தம்பிகளை வளர்த்து, டீச்சர் வேலை பார்த்தவர். 1870-ல் கல்யாணம். குட்நைட்டுக்கு எழுதிக் கொடுத்த கை பெரும்பாலும் இவருடையதுதான். முதலில் கொலராடோவில் இருந்தார்கள். 1873-ல் வங்கிகள் சரிந்ததில் கையிலிருந்தது எல்லாம் போனது. மிச்சமிருந்த 1,600 மாட்டை ஓட்டிக்கொண்டு 1876-ல் பாலோ டுரோ பள்ளத்தாக்குக்கு வந்தார், நீ ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகிற அதே இடம்.

அந்த இடம் சும்மா காலியாகக் கிடக்கவில்லை. 1874 செப்டம்பரில் கர்னல் மெக்கன்சியின் படை அங்கே தங்கியிருந்த கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களின் கூடாரங்களைக் கொளுத்தி, பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கு மேல் சுட்டுப்போட்டது. குதிரை இல்லாமல் அவர்கள் ரிசர்வேஷனுக்கு, அதாவது அரசாங்கம் ஒதுக்கிய குடியிருப்புப் பகுதிக்கு, நடந்தே போனார்கள். பின்னால் 1878-ல் கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் பசியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்கு வந்தபோது, காட்டெருமையே மிச்சமில்லை. மாடு கொடுத்துச் சமாதானம் பேசினார் குட்நைட். முன்னோடி, முன்னோடி என்று அங்கே சிலை வைப்பார்கள். அவருக்கு முன்னால் வந்தவர்களைத் துரத்திய பிறகு வந்தவர் என்பதை மறக்காமல் சிலையைப் பார்.

அயர்லாந்துக்காரரான ஜான் அடெய்ர் பணம் போட்டார், இவர் உழைப்பைப் போட்டார், ஜேஏ ராஞ்ச் என்ற மாட்டுப்பண்ணை எழுந்தது. உச்சத்தில் 13 லட்சம் ஏக்கருக்கு மேல், நம் திருப்பூர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் ஒரு லட்சம் மாடு.

மாலிக்கு அக்கம்பக்கத்து வீடு 75 மைல் தள்ளி. மாதக்கணக்கில் இன்னொரு பெண் முகமே பார்க்கவில்லை. ஒருநாள் மாட்டுக்காரப் பையன் ஒருவன் சாக்கில் மூன்று கோழி கொண்டுவந்து கொடுத்தான், குழம்புக்கு. இவர் அறுக்கவில்லை, வளர்த்தார். பேச்சுத்துணைக்கு வைத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும், தங்கள் பாஷையில் என்னோடு பேசப் பார்த்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாட்டுக்காரப் பையன்களுக்குக் காயம் பட்டால் சப்பாத்திக்கள்ளி வைத்துக் கட்டுவது, பேன் பிடித்தால் மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரை அம்மா ஸ்தானத்தில் வைத்துத்தான் எல்லாரும் பேசினார்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன், கண்ணு. நோம்பிக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் உங்கம்மாவிடம் "விசேஷமுண்டா?" என்று கேட்கிறார்கள், அவளும் அதை உன்னிடம் கொண்டுவந்து கொட்டுகிறாள் என்று தெரியும். இனி அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ படிப்பைப் பார்.

உன் துறை விஷயம் ஒன்று. குட்நைட் தன் மந்தையில் ஹெர்ஃபோர்டு போன்ற உயர்ரகப் பொலிகாளைகளை விட்டார். தென் டெக்சஸ் மாடுகள் நடந்துபோன பாதையில் இந்த மாடுகள் மேய்ந்தால் மூத்திரம் சிவந்து செத்தன. வந்த மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லையில் வின்செஸ்டர் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தி, தெற்கத்தி மந்தையை மறித்துவிட்டார். உண்ணிதான் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1893-ல்தான் நிரூபித்தார்கள். தென் டெக்சஸ் மாடுகளுக்குக் கன்றிலேயே உண்ணி கடித்துக் கடித்து எதிர்ப்பு வந்திருந்தது. சட்டம் பார்த்தால் அது அடாவடி, நோய் பார்த்தால் சரியான தடுப்பு. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன், துப்பாக்கியை மட்டும் விட்டிருப்பேன்.

வேட்டைக்காரர்கள் தோலுக்காகக் காட்டெருமைகளைக் கொன்று குவித்த காலம் அது. தாயில்லாமல் நின்ற கன்றுகளைப் பிடித்துவரச் சொன்னவர் மாலி. நாட்டுப் பசுவிடம் பால் ஊட்டி வளர்த்தார்கள். பெருகி இருநூறைத் தாண்டியது. 1902-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டெருமை மந்தையை மீட்டபோது மூன்று காளைகள் இங்கிருந்து போயின.

மாலி 1926-ல் காலமானார். மனுஷன் படுத்த படுக்கையாகிவிட்டார். அதே 'குட்நைட்' குடும்பப் பெயர் கொண்ட, சொந்தமே இல்லாத கொரின் என்ற இளம்பெண் வந்து பார்த்துக்கொண்டாள். அவளையே 91-வது பிறந்தநாளில் கட்டிக்கொண்டார்! உங்கம்மாவிடம் சொன்னேன், இரண்டு நாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைசிக் காலத்தில் சர்ச்சிலும் சேர்ந்தார். எந்தச் சபை என்று கேட்டதற்கு, தெரியாது, ஆனால் ரொம்ப நல்ல சபை என்றாராம், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு. 1929 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். குட்நைட் ஊர்க் கல்லறையில் மாலி பக்கத்தில்தான் இருக்கிறார்.

அந்தக் காட்டெருமைகளின் வம்சம் இப்போது கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் இருக்கிறது. மந்தை சின்னது, உள்ளுக்குள்ளேயே இனம் பெருகி மரபணு வேறுபாடு குறைந்துபோனதால் 2003-ல் சிஎன்என் டிவியைத் தொடங்கிய டெட் டர்னரின் நியூ மெக்சிகோ பண்ணையிலிருந்து காளைகள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கப்புறம் பிறந்த கன்றுகளின் நிலை என்ன, சினை பிடிக்கும் விகிதம் கூடியதா என்று உங்கள் துறையில் யாரையாவது கேட்டு எழுது. போனால் காரைவிட்டு இறங்கிக் கிட்டே போகாதே, கன்றோடு நிற்கிற பசு என்றால் இன்னும் தள்ளி நில். மாப்பிள்ளை படமெடுக்கிற ஜோரில் முன்னால் போய்விடுவார், அவரையும் பிடித்து வை.

அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா